எவ்ளோ முன்னாடி சொல்லணும்? – அமாவாசை ட்ரிப்ல நான் கத்துக்கிட்ட கணக்கு

இன்னைக்கு எபிசோட் நட்சத்திரம் பத்தி இல்ல. நட்சத்திரம் பார்க்க ஆளுங்களைக் கூப்பிடுறது பத்தி. நீங்க நடத்துறது சைக்கிளிங் குரூப்பா இருக்கலாம், போர்டு கேம் குரூப்பா இருக்கலாம், பறவை பார்க்கிற குரூப்பா இருக்கலாம். பிரச்சனை எல்லாருக்கும் ஒண்ணுதான்: நிகழ்ச்சியை எத்தனை நாள் முன்னாடி அறிவிக்கணும்?

எங்க பொழுதுபோக்குல ஒரு வசதி இருக்கு. வானம் தன்னோட காலண்டரை எப்பவோ கொடுத்திருச்சு. 2031 மே 21, புதன்கிழமை, தென்தமிழ்நாடு வழியா ஒரு கங்கண சூரிய கிரகணம் போகப் போகுது. இன்னைக்கே தெரியும். ஆனா இன்னைக்கே "யாரெல்லாம் வர்றீங்க?"ன்னு கேட்டா நூறு பேர் கை தூக்குவாங்க. அந்த நூறுக்கு அர்த்தமே கிடையாது. தேதி தெரியுறது வேற, ஆள் வர்றது வேற.

இதை நான் ரெண்டு தடவை தப்பு பண்ணிக் கத்துக்கிட்டேன்.

முதல் தப்பு, ரொம்ப முன்னாடி சொன்னது. ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு ராத்திரி ட்ரிப். அங்க காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு, 2.3 மீட்டர் தொலைநோக்கியோட. வானம் எவ்ளோ இருட்டா இருக்கும்னு இதுலயே புரிஞ்சிருக்கும். மூணு மாசம் முன்னாடியே அறிவிச்சேன். 40 பேர் பேர் கொடுத்தாங்க. நம்பி ரெண்டு வேனுக்கு அட்வான்ஸ் கட்டினேன். கிளம்புற அன்னைக்கு 14 பேர். ஒருத்தருக்கு அக்கா பொண்ணு சடங்கு, ஒருத்தர் வேலை மாறி பெங்களூர் போயிட்டார், பாதிப் பேர் சுத்தமா மறந்துட்டாங்க. ரெண்டாவது வேன் அட்வான்ஸ் என் பாக்கெட்ல இருந்து போச்சு.

சூடு பட்டதும் நேர் எதிர்ப் பக்கம் சாய்ஞ்சேன். அதுதான் ரெண்டாவது தப்பு. "மேகம் எப்படின்னு பார்த்துட்டு நாலு நாள் முன்னாடி சொல்றேன்"னு ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் 12 பேர் வந்தாங்க. சொன்னவங்க சொன்ன மாதிரியே வந்தாங்க. சிஸ்டம் செட் ஆயிடுச்சுன்னு எனக்கு ஒரே பெருமை.

ஆறு மாசம் கழிச்சு குரூப்ல இருக்கிற ஒரு நர்ஸ் அக்கா எனக்குத் தனியா மெசேஜ் போட்டாங்க: "தம்பி, நீ சொல்றப்ப எல்லாம் எனக்கு டூட்டி போட்டு முடிச்சிருப்பாங்க. நான் போட்டோ பார்க்கத்தான் குரூப்ல இருக்கேனா?"

அப்பதான் அந்த 12 பேர் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லா ட்ரிப்லயும் அதே 12 பேர். எல்லாரும் என்னை மாதிரியே ஓஎம்ஆர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஐடி பசங்க. பைக் இருக்கு, யார்கிட்டயும் கேட்க வேண்டாம். ஹாஸ்டல்ல பர்மிஷன் வாங்க வேண்டிய பொண்ணு, குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வரணும்னு நினைக்கிறவங்க, சனிக்கிழமை கடை பார்க்கிறவர், ஒருத்தர்கூட இல்ல. இவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு நான் நினைச்சிருந்தேன். நான்தான் அவங்களை வடிகட்டி வெளிய விட்டிருக்கேன்.

அதுக்கப்புறம் கேள்வியை மாத்திக்கிட்டேன். "நிகழ்ச்சிக்கு எத்தனை நாள் வேணும்?"னு கேட்கிறதை விட்டுட்டு, "வர்றவங்க கையில இருக்கிற பூட்டு எப்ப பூட்டுது?"ன்னு கேட்க ஆரம்பிச்சேன்.

அந்த அக்காவுக்கு அடுத்த மாச ரோஸ்டர் 25ஆம் தேதி வெளிய வரும். லீவு கேட்கணும்னா 20க்குள்ள கேட்கணும். மாசக் கடைசியில ட்ரிப் வெச்சா, முந்தின மாசம் 20ஆம் தேதியில இருந்து எண்ணினா சுமார் 40 நாள். அதான் எங்க கணக்கு ஆறு வாரம். எல்லாரையும்விட முன்னாடி பூட்டுற பூட்டைக் கண்டுபிடிங்க, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி தேதியைச் சொல்லுங்க.

ரயிலும் ஒரு பூட்டுதான். 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 120 நாள்ல இருந்து 60 நாளாக் குறைஞ்சிருச்சு. தூரமா ரயில்ல போற ட்ரிப்னா 60ஆவது நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்றது சரி. அதுக்கும் ரொம்ப முன்னாடி சொன்னா, கேட்டவங்களால உடனே எதுவும் பண்ண முடியாது. எதுவும் பண்ண முடியாத செய்தி மறந்துதான் போகும்.

சரி, ஆறு வாரம் முன்னாடி சொன்னா மேகம்? பணம்? நான் இங்கதான் குழம்பினேன். எல்லாத்தையும் ஒரே அறிவிப்புல சொல்லணும்னு நினைச்சேன். ஆபிஸ்ல ரிலீஸ் தேதி ஒரு நாள் சொல்றோம், கோட் ஃப்ரீஸ் வேற நாள், போகலாமா வேண்டாமான்னு முடிவு கடைசி நாள். இங்கயும் அப்படித்தான் பிரிச்சேன்.

ஆறு வாரம் முன்னாடி: தேதி, ஊர், சுமாரான செலவு. இவ்ளோதான். வர்றியான்னு கேட்கிறதே இல்ல. லீவு கேட்கிறவங்க கேட்டுக்கட்டும்.

மூணு வாரம் முன்னாடி: முன்பணம். 300 ரூபாய் கட்டினவங்க மட்டும்தான் கணக்கு. முடிஞ்சா 1ஆம் தேதிக்கு அப்புறம் கேளுங்க, சம்பளம் வந்திருக்கும். வேன் புக் பண்றதும் இந்தக் கணக்கை வெச்சுத்தான்.

மூணு நாள் முன்னாடி: மேகம். போறோமா இல்லையான்னு ஒரே வரி. போகலன்னா முன்பணம் திரும்பக் கிடைக்கும். வேன்காரர்கிட்ட அட்வான்ஸை அடுத்த தேதிக்கு மாத்திக்கிறதா முதல்லயே பேசி வெச்சிருப்போம். இதை ஆரம்பத்துலயே எழுதிப் போட்டுட்டா சண்டை வராது.

இன்னொரு விஷயம். எல்லாத்துக்கும் ஆறு வாரம் வேண்டாம். மொட்டை மாடியில ரெண்டு மணி நேரம் நிலா பார்க்கிறதுக்கு ஒரு வாரம் போதும். அதையும் வளர்பிறை அரை நிலாவை ஒட்டின சனிக்கிழமைன்னு நிரந்தரமா வெச்சுட்டோம். அப்பதான் பள்ளங்களோட நிழல் நல்லாத் தெரியும். தேதி ஒரு பழக்கமா மாறிட்டா அறிவிப்பே நினைவூட்டல் மாதிரிதான்.

தேதி எடுக்கிறப்ப வீட்டுக் காலண்டரையும் பாருங்க. எங்களுக்கு அமாவாசை ராத்திரிதான் வேணும். ஆனா தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைன்னா நிறைய வீட்டுல தர்ப்பணம், படையல் இருக்கும். நல்லவேளை, அமாவாசைக்குப் பக்கத்துச் சனிக்கிழமை எப்பவும் மூணு நாளுக்குள்ள வந்துரும். அப்ப நிலா பிறையாத்தான் இருக்கும், ராத்திரி பெரும்பாலும் இருட்டுதான். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாசங்கள்ல வெளியூர் ட்ரிப்பே வைக்கிறதில்ல.

இந்த முறையில முதல் ட்ரிப் ஒரு பிப்ரவரியில. 22 பேர் முன்பணம் கட்டினாங்க, 20 பேர் வந்தாங்க. அதுல ஒன்பது பேரை நான் நேர்ல பார்த்ததே இல்ல, ஒரு வருஷமா குரூப்ல இருந்தவங்க. நர்ஸ் அக்கா தொலைநோக்கியில ஓரியன் நெபுலாவைப் பார்த்துட்டு, "என்ன தம்பி, போட்டோவுல கலர் கலரா இருந்துச்சு, இது சாம்பலா இருக்கு?"ன்னாங்க. நம்ம கண்ணுக்கு அவ்ளோதான் தெரியும், கேமரா ரொம்ப நேரம் வெளிச்சம் சேர்க்கும்னு சொன்னேன். "பரவால்ல, இது நானே பார்த்தது"ன்னு சொல்லிட்டு மறுபடியும் வரிசையில போய் நின்னுட்டாங்க.

உங்க குரூப்ல கடைசி மூணு நிகழ்ச்சிக்கு வந்தவங்க பேரை இன்னைக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதே முகங்கள்தான்னா, வராத ஒருத்தருக்கு போன் போட்டு, "எப்ப சொல்லியிருந்தா வந்திருப்பீங்க?"ன்னு கேளுங்க. உங்க குரூப்புக்கு எத்தனை நாள்னு அவங்கதான் சொல்வாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.