பொறியறை அலங்கரிப்பு

பொறியறை அலங்கரிப்பு என்பது ஒரு தானுந்தின் பொறி அமைந்துள்ள அறையை, பொறியின் இயக்கத்தை மாற்றாமல், தனியாக வடிவமைத்த உலோகப் பாகங்களால் அழகுபடுத்துவது ஆகும். ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுத் தானுந்துகளின் உரிமையாளர்களிடையே இது பரவலாகக் காணப்படுகிறது. மெருகூட்டிய துருவேறா எஃகுத் தகடுகள், கடைந்தெடுத்த அலுமினிய மூடிகள், குரோமிய முலாம் பூசிய வால்வு மூடிகள் ஆகியவை இதில் பெரிதும் பயன்படுகின்றன.

பொறியின் திறனைக் கூட்டும் மாற்றங்களிலிருந்து இது வேறுபட்டது. இங்கு நோக்கம் தோற்றம் மட்டுமே. ஆயினும் பொறியறை ஒரு காட்சிப் பேழை அன்று. வெப்பம், அதிர்வு, ஈரம், எண்ணெய், மின்னோட்டம் ஆகிய அனைத்தும் ஒருங்கே உள்ள இடம் அது. ஆகவே அழகுக்காகச் சேர்க்கப்படும் ஒரு தகடும் பொறியியல் விதிகளுக்கு உட்பட்டே ஆக வேண்டும்.

வரலாறு

பொறியைப் பார்வைக்கு வைக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஹாட் ராட் பண்பாட்டுடன் நெருங்கிய தொடர்புடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டு தானுந்துகளைப் பிரித்து, எடை குறைத்து, விரைவு கூட்டினர். பலர் பொறியின் மேல்மூடியையே கழற்றிவிட்டதால் பொறி வெளியே தெரிந்தது. எடெல்புராக், ஆஃபன்ஹவுசர் போன்ற பெயர்களைத் தாங்கிய, செதில் வரிகளுடன் கூடிய அலுமினிய வார்ப்புகள் அக்காலத்தில் புகழ் பெற்றன. 1948 ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பட்ட ஹாட் ராட் இதழ் இப்பண்பாட்டை நாடெங்கும் பரப்பியது.

இத்தாலியில் ஃபெராரி நிறுவனம் 1957 ஆம் ஆண்டில் உருவாக்கிய பந்தயத் தானுந்தின் பெயரே அதன் பொறியின் தோற்றத்திலிருந்து வந்தது. பொறியின் மேலுள்ள மூடிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருந்ததால் அது சிவப்புத் தலை எனப் பொருள்படும் டெஸ்டா ரோசா என அழைக்கப்பட்டது.

கார்வெட்: ஓர் எடுத்துக்காட்டு

அழகுக்கும் பயனுக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அமெரிக்காவின் செவர்லே கார்வெட் நன்கு விளக்குகிறது. 1953 ஆம் ஆண்டு வெளிவந்த இத்தானுந்தின் உடல் எஃகினால் அன்றிக் கண்ணாடியிழையால் ஆனது. பிற தானுந்துகளில் எஃகு உடல் பொறியைச் சூழ்ந்து, ஸ்பார்க் பிளக் கம்பிகளிலிருந்து எழும் வானொலி இரைச்சலைத் தடுத்துவிடும். கண்ணாடியிழை மின்காந்த அலைகளைத் தடுப்பதில்லை. எனவே வானொலி பொருத்திய கார்வெட்டுகளில் தீமூட்டல் பகுதிகளின் மேல் பளபளப்பான உலோகக் கவசங்களை நிறுவனமே பொருத்தியது. பார்ப்பவர்க்கு அணிகலனாகத் தோன்றிய அந்த மூடிகள் உண்மையில் வானொலியின் காவலர்களாக இருந்தன.

1997 ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் தலைமுறைக் கார்வெட்டில் நிலைமை மாறியது. அதன் எல்எஸ்1 பொறியின் உடல் அலுமினியம். ஆனால் காற்று உள்ளேறும் கிளைக்குழாய் நெகிழியால் ஆனது. மேலே எரிபொருள் குழாய்களையும் தீமூட்டும் சுருள்களையும் நெகிழி மூடிகள் மறைத்தன. நெகிழி எடை குறைந்தது, மலிவானது, வெப்பத்தை எளிதில் கடத்தாதது. ஆனால் மேல்மூடியைத் திறப்பவருக்கு உலோகம் கண்ணில் படுவது குறைந்தது. தனி உலோகப் பாகங்களுக்கான விருப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 2020 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த எட்டாம் தலைமுறையில் பொறி இருக்கைகளுக்குப் பின்னால் இடம் மாறியது. கூபே வகையில் அதனைப் பின்புறக் கண்ணாடி வழியாகவே காண முடிகிறது.

அலங்கரிக்கப்படும் பாகங்கள்

* வால்வு மூடிகள், எரிபொருள் குழாய் மூடிகள்
* மின்னாக்கி, மின்கலம், உருகிப் பெட்டி ஆகியவற்றின் மேலுறைகள்
* தடை எண்ணெய்க் கலத்தின் மூடி, குளிர்நீர் மற்றும் பொறி எண்ணெய்த் திருகுமூடிகள்
* ரேடியேட்டரின் மேற்புறத் தகடு, பக்கச் சுவர்த் தகடுகள்
* மேல்மூடியின் உட்புறத் தகடு

பயன்படும் உலோகங்கள்

துருவேறா எஃகு: 304 எனப்படும் வகை மிகவும் பயன்படுகிறது. இதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து மிக மெல்லிய படலத்தை உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும் இப்படலம் தானே மீண்டும் உருவாகும். எனினும் உப்பு கலந்த நீர் இதில் சிறு குழிகளைத் தோற்றுவிக்கக்கூடும்.

அலுமினியம்: 6061 எனப்படும் கலப்புலோகம் கடைவதற்கு ஏற்றது. இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், துருவேறா எஃகின் அடர்த்தி 8 கிராம். அதாவது 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு சதுர மீட்டர் தகடு அலுமினியத்தில் 2.7 கிலோகிராமும் எஃகில் 8 கிலோகிராமும் இருக்கும். மெருகூட்டிய அலுமினியம் விரைவில் மங்கும். காரத்தன்மை கொண்ட பொறி துப்புரவு நீர்மங்கள் அதனை அரித்துக் கறைப்படுத்தும்.

தங்கம்: அரிதாகத் தங்கமும் பயன்பட்டுள்ளது. 1992 ஆம் ஆண்டு அறிமுகமான மெக்லாரன் எஃப்1 தானுந்தின் பொறியறையில் தங்கத் தாள் ஒட்டப்பட்டது. இது ஆடம்பரத்துக்காக அன்று. தங்கம் அகச்சிவப்புக் கதிர்களை மிக நன்றாகத் தெறிக்கும் என்பதே காரணம்.

மேற்பரப்புச் செம்மை

மெருகூட்டல்: சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய தாளுக்குச் சென்று, இறுதியில் துணிச் சக்கரத்தில் மெருகுப் பசையிட்டுத் தேய்க்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் முந்தைய கீறல்கள் முழுதும் மறைந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். சாதாரண எஃகுக்குப் பயன்படுத்திய சக்கரத்தைத் துருவேறா எஃகுக்குப் பயன்படுத்தலாகாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் பின்னர் துருப்பிடித்து, பாகமே துருவேறியது போலத் தோன்றும்.

குரோமிய முலாம்: அழகுக்கான முலாமில் பெரும்பாலும் முதலில் செம்பும், பின்னர் நிக்கலும், இறுதியில் குரோமியமும் மின்பகுப்பு முறையில் படியவைக்கப்படுகின்றன. குரோமியப் படலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிப்பு உடையது. நாம் காணும் பளபளப்பின் பெரும்பகுதி அடியிலுள்ள நிக்கலால் வருவதாகும். குரோமியம் அதனை மங்காமல் காக்கிறது.

அனோடைசிங்: அலுமினியத்தைக் கந்தக அமிலக் கரைசலில் நேர்மின்வாயாக வைத்து, அதன் மேல் ஆக்சைடு படலத்தை வளர்க்கும் முறை இது. நுண்துளைகள் கொண்ட அப்படலம் சாயத்தை ஏற்கும். பின்னர் கொதிநீரால் துளைகள் அடைக்கப்படுகின்றன.

பவுடர் கோட்டிங்: மின்னேற்றம் பெற்ற வண்ணத்தூளைத் தெளித்து, ஏறத்தாழ 180 முதல் 200 °செ வெப்பநிலையில் சூடேற்றி உருக்கிப் படியவைக்கும் முறை. தடை எண்ணெய் சிந்தினால் வண்ணப்பூச்சு உரியக்கூடும் என்பதால், அக்கலத்தின் அருகே பூச்சற்ற துருவேறா எஃகே சிறந்தது.

செய்முறை

முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, இடத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துவர். சரியான அட்டை மாதிரியை அளந்து கணினியில் வரைந்து, லேசர் அல்லது நீர்த்தாரை மூலம் தகடு வெட்டப்படுகிறது. அதன்பின் வளைத்தல், பற்றவைத்தல், மெருகூட்டல் ஆகியவை நிகழும். கனமான மூடிகள் உலோகக் கட்டியிலிருந்து கணினிவழி இயங்கும் கடைசல் எந்திரங்களால் கடைந்தெடுக்கப்படுகின்றன.

பொறி இரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்து அசையக்கூடியது. ஆகையால் புதிய பாகத்துக்கும் மேல்மூடிக்கும் இடையே போதிய வெளி வேண்டும். இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பாகத்தின் மேல் களிமண் உருண்டைகளை வைத்து, மேல்மூடியை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளக்கலாம். பொறி நிற்கும்போது கிடைக்கும் இந்த அளவிலிருந்து, அது ஓடும்போது அசையும் தூரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய சிக்கல்கள்

வெப்ப விரிவு: 50 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பாகம் 20 இலிருந்து 100 °செ வரை சூடேறினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும். இருமுனைகளையும் அசையாது இறுக்கினால் தகடு உப்பும் அல்லது மரை பழுதுபடும். ஒரு முனையில் நீள்துளை இடுவதே தீர்வு. வெளியேற்றுக் குழாய்களின் அருகே வெப்பம் மிக அதிகம் ஆதலால், அங்குத் துருவேறா எஃகும் குரோமியமும் மஞ்சளாகவும் நீலமாகவும் நிறம் மாறும். இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டிய தகடுகளை அவ்விடத்தில் வைக்கவே கூடாது.

மின்வேதி அரிப்பு: வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, அவற்றிடையே உப்புநீர் இருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அலுமினியமும் துருவேறா எஃகும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியமே. எஃகு மரையாணி அலுமினியத்தில் இறுகிப்போய், கழற்றும்போது மரையையே பெயர்த்துக்கொண்டு வரும். நெகிழி வாசர்களும் இறுகல் தடுப்புப் பசையும் இதனைத் தவிர்க்க உதவும்.

குறுக்குச்சுற்று: இது மிகவும் ஆபத்தானது. மின்கலத்தின் நேர்முனை அல்லது உருகிப் பெட்டியின் மேல் வைத்த உலோக மூடி, அதிர்வால் இடம்பெயர்ந்து முனையையும் தானுந்தின் உலோகச் சட்டத்தையும் ஒருசேரத் தொட்டால் பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாயும்; தீப்பற்றவும் கூடும். முதலில் இருந்த நெகிழி மூடியை அகற்றாமல், அதன் மேலேயே உலோகத் தகட்டைப் பொருத்துவது பாதுகாப்பான முறை ஆகும்.

பாதசாரிகள்: விபத்தில் பாதசாரியின் தலை மேல்மூடியில் மோதும்போது, மூடி உள்நோக்கி வளைந்து அதிர்ச்சியை ஏற்க வேண்டும். அதற்குப் பொறிக்கும் மூடிக்கும் இடையே வெற்றிடம் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2003 ஆம் ஆண்டில் பாதசாரி பாதுகாப்புக்கெனத் தனி நெறிமுறை வகுத்தது. அவ்வெற்றிடத்தில் உயரமான, கடினமான உலோகப் பாகத்தைச் சேர்ப்பது இக்காப்பைக் குறைத்துவிடும்.

தொழிலாளர் உடல்நலம்

பளபளப்புக்கு ஒரு விலையும் உண்டு. வழக்கமான குரோமிய முலாம் தொட்டிகளில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. முலாமிடும்போது எழும் குமிழிகள் வெடித்து நுண்ணிய அமிலத் துளிகளைக் காற்றில் கலக்கின்றன. அவற்றை நாள்தோறும் சுவாசிப்பவர் தொட்டியருகே நிற்கும் தொழிலாளியே. முடிவுற்ற பாகத்தில் உள்ளது உலோகக் குரோமியம் என்பதால், அதைத் தொடுவதில் அதே ஆபத்து இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பின் குரோமியம் மூவாக்சைடைச் சிறப்பு அனுமதியின்றிப் பயன்படுத்த இயலாது. கலிஃபோர்னியா மாநிலம் 2023 ஆம் ஆண்டில் அழகு முலாமில் ஆறிணைதிறக் குரோமியத்தைப் படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. முவ்விணைதிறக் குரோமியம் இதற்கு மாற்றாகப் பயன்படுகிறது. அதன் நிறம் சற்றே வேறுபடலாம்.

வீட்டில் மெருகூட்டுவோரும் கவனமாக இருத்தல் வேண்டும். அலுமினியத் தூள் காற்றில் மிதக்கும்போது வெடிக்கும் தன்மை கொண்டது. ஒரே இடத்தில் இரும்பையும் அலுமினியத்தையும் தேய்த்துச் சேரும் தூள், ஒரு தீப்பொறி பட்டால் மிகுந்த வெப்பத்துடன் எரியக்கூடும்.

அசல் நிலையும் அலங்காரமும்

எல்லோரும் இதனை விரும்புவதில்லை. 1974 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய கார்வெட் மீட்டமைப்போர் சங்கம் நடத்தும் மதிப்பீட்டில், தானுந்து தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளது என்பதே அளவுகோல். வண்ணம் பூசியிருக்க வேண்டிய பாகத்துக்குக் குரோமியம் பூசினால் அங்கு மதிப்பெண் குறையும். தனிப்பயன் தானுந்துக் காட்சிகளிலோ அதுவே பாராட்டப்படும்.

இவ்விரு நோக்குகளுக்கும் இணக்கமான வழி, மீளக்கூடிய மாற்றங்களை மட்டுமே செய்வது ஆகும். புதிய துளையிடாமல், ஏற்கனவே உள்ள மரையாணிகளிலேயே பாகங்களைப் பொருத்தி, கழற்றிய அசல் பாகங்களைப் பாதுகாத்து வைத்தால் தானுந்து எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

இவற்றையும் பார்க்க

* துருவேறா எஃகு
* மின்முலாம் பூசுதல்
* அரிமானம்
* உள் எரி பொறி