மறக்கப்பட்ட றெகே குரல்கள்

‘றிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ என்ற ஆங்கிலப் பாடலை நேயர்களிற் பலர் கேட்டிருப்பீர்கள். 1978 இல் ‘போனி எம்’ குழுவினர் பாடியதனால் அது உலகெங்கும் பிரபலமாயிற்று. ஆனால், அதனை முதலிற் பாடியவர்கள் ஜமெய்க்காவைச் சேர்ந்த ‘மெலோடியன்ஸ்’ குழுவினர். அக்குழுவின் பிரென்ட் டோவ், ட்ரெவர் மக்நோட்டன் ஆகிய இருவரும் விவிலியத்தின் 137 ஆம் சங்கீதத்தைத் தழுவி இயற்றிய பாடல் அது. 1970 இல் வெளிவந்தது. பாட்டு நிலைத்தது, பாடியவர்களின் பெயர்கள் மறைந்தன. இந்த மறதி பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1960 களின் பிற்பகுதியில் ஜமெய்க்காவிலே தோன்றிய இசைவடிவம் றெகே. அடுத்துவந்த பத்தாண்டுகளில் ‘ரூட்ஸ் றெகே’, அதாவது வேர்களை நாடும் றெகே, செழித்து வளர்ந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் தமது வரலாற்றையும் வறுமையையும் இதிற் பாடினர். றஸ்தபாரி நெறியின் செல்வாக்கினால், விவிலியச் சொற்கள் புதுப்பொருள் பெற்றன. பாபிலோன் என்பது ஒடுக்கும் அதிகாரத்தையும், சீயோன் என்பது தாயகமாகிய ஆபிரிக்காவையும் குறித்தன. பழைய படிமமொன்று புதிய அனுபவத்தைத் தாங்குவதை இங்கு அவதானிக்கலாம். இப்பாடல்களை இலக்கியமாகவும் கொள்ளலாம் என நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

றெகே என்றதும் 1981 இல் காலமான பொப் மார்லியையே பலரும் நினைவுகூர்வர். அவருடைய ஆற்றல் மறுக்கமுடியாதது. எனினும், அவரோடொத்த காலத்திற் பாடிய பலர் மறக்கப்பட்டமைக்குக் குரலின் குறைபாடு காரணமன்று. கிங்ஸ்டன் நகரத் தயாரிப்பாளர்கள் பலர், ஒரு பாடலுக்கு ஒருமுறை மட்டும் சிறு தொகை கொடுப்பர். ஒலிநாடாவும் உரிமையும் அவர்களிடமே இருக்கும். ஜமெய்க்கா தனக்கெனப் பதிப்புரிமைச் சட்டமொன்றை நடைமுறைப்படுத்தியதே 1993 இல்தான். 1980 களின் நடுப்பகுதியில் மின்னணுத் தாளங்கள் மேலோங்கவே, ரசனையும் மாறிற்று.

ஓர் உதாரணம் ‘கொங்கோஸ்’ குழு. செட்ரிக் மைற்றனின் உச்சக் குரலும் றோய்டெல் ஜோன்சனின் குரலும் இணைந்த ‘ஹார்ட் ஒஃப் த கொங்கோஸ்’ என்ற இசைத்தட்டை 1977 இல் லீ பெரி தமது ‘பிளாக் ஆர்க்’ கலையகத்தில் தயாரித்தார். மார்லியின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ‘ஐலன்ட்’ நிறுவனம் இதனை வெளியிட முன்வரவில்லை. மன்செஸ்டர் நகரின் ‘பிளட் அன்ட் ஃபயர்’ நிறுவனம் 1996 இல் மறுபதிப்புச் செய்த பின்னரே பரந்த உலகம் அதன் சிறப்பை உணர்ந்தது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுத் தாமதம்!

ஹொரஸ் அன்டியின் கதை வேறு. 1970 களின் தொடக்கத்தில் ‘ஸ்கைலார்க்கிங்’ என்ற பாடலாற் புகழ்பெற்ற இவரை, பிரிஸ்டல் நகரின் ‘மசிவ் அற்றாக்’ குழுவினர் 1991 இல் தமது முதல் இசைத்தொகுப்பிலே பாடவைத்தனர். அதைக் கேட்ட இளைஞர் பலர் அவருடைய பழைய இசைத்தட்டுகளைத் தேடிச்சென்றனர்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஹியூ மன்டல், ‘1983 இற்குள் ஆபிரிக்கா விடுதலை பெறவேண்டும்’ என்ற பொருள்படும் தலைப்பில் தமது முதலாவது இசைத்தட்டை 1978 இல் வெளியிட்டபோது பதின்ம வயதினர். அதே 1983 இல் கிங்ஸ்டனில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 21. இன்று அவரைப் புதிதாகக் கண்டறிவோரின் பாராட்டு அவரைச் சென்றடையாது.

2019 இல் பீற்றர் வெபர் நெறிப்படுத்திய ‘இன்னா டி யார்ட்’ என்ற விவரணப்படம், கென் பூத், செட்ரிக் மைற்றன், வின்ஸ்டன் மக்கனஃப் முதலிய மூத்த பாடகர்களை நம்முன் நிறுத்துகிறது. முதுமையிலும் அவர்கள் பாடுவதைக் கேட்கையில் மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுகிறது: மறுகண்டுபிடிப்பு யாருக்குப் பயன்பட வேண்டும்?

பழைய இசைத்தட்டைத் தேடியெடுத்து ரசிப்பது பாதிப்பணி மட்டுமே என்பது என் கருத்து. இயற்றியவர், பாடியவர் பெயர்களைப் பாடலோடு சேர்த்துச் சொல்வதும், அவர்கள் வாழும்போதே உரிய ஊதியம் அவர்களைச் சென்றடையச் செய்வதும் மற்றப் பாதி. அடுத்தமுறை ‘றிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ ஒலிக்கும்போது, டோவ், மக்நோட்டன் என்ற இரு பெயர்களையும் அருகிலிருப்பவரிடம் சொல்லுங்கள்.