அணையைச் சுற்றி ஒரு மீன் பாதை

டினோசார்கள் வாழ்ந்த காலத்திலேயே தோன்றி, இன்றுவரை அழியாமல் இருக்கும் மீன் குடும்பம் ஒன்று உண்டு. அதுதான் ஸ்டர்ஜியன். இக்குடும்பத்தைச் சேர்ந்த வெளிர் ஸ்டர்ஜியன், அமெரிக்காவின் மிசௌரி ஆற்றிலும் அதன் துணையாறான எல்லோஸ்டோனிலும் வாழ்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேலும் நீளமாக வளரக்கூடியது; உடலில் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும்.

இவ்வளவு உறுதியான மீனை 1990-ஆம் ஆண்டில் அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அமெரிக்க அரசு அறிவித்தது. 2010-களில் மேல் மிசௌரி, எல்லோஸ்டோன் பகுதியில் எஞ்சியிருந்த இயற்கையான முதிர்ந்த மீன்கள் இருநூறுக்கும் குறைவு. அவையெல்லாம் கிழட்டு மீன்கள். இளம் மீன்களைக் காணோம்! காரணம் என்ன?

முட்டைகள் இல்லாமலா?

மீன்கள் முட்டையிடத்தான் செய்கின்றன. பண்ணைகளில் பொரித்து, ஓரளவு வளர்த்து ஆற்றில் விடப்பட்ட குஞ்சுகளும் நன்றாகவே பிழைக்கின்றன. ஆகவே ஆற்றில் உணவுக்குக் குறைவில்லை. பொரித்தவுடன் வரும் சில நாட்களில்தான் ஆபத்து இருக்க வேண்டும்.

பொரித்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. ஆற்றின் அடிப்பகுதியில், நீரோடு நீராக அடித்துச் செல்லப்படுகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் வலிமை வர ஏறத்தாழ ஒன்பது முதல் பதினேழு நாட்கள் ஆகும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அடிநீரின் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர் என்று கொள்வோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். எனவே ஒரு நாளில் 34 கிலோமீட்டருக்கு மேல். பத்து நாட்களில் 345 கிலோமீட்டர்! அத்தனை தூரம் தடையின்றி ஓடும் ஆறு அதற்குத் தேவை.

மிசௌரியின் குறுக்கே 1953-இல் கட்டி முடித்த காரிசன் அணை, சக்ககாவியா என்னும் பெரிய நீர்த்தேக்கத்தை உண்டாக்கியது. ஓடிவரும் நீர் அங்கே வேகம் இழக்கிறது. வண்டலும் மக்கும் பொருள்களும் அடியில் படிகின்றன. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அடியில் மிதந்து வரும் குஞ்சு அங்கே மூச்சுத் திணறி இறக்கிறது.

குறுக்கே நின்ற பழைய அணை

அப்படியானால் மீன்கள் இன்னும் மேலே சென்று முட்டையிட்டால் என்ன? அதற்குத் தடையாக இருந்தது மான்டானா மாநிலத்தின் இன்டேக் என்னும் இடத்திலுள்ள தடுப்பணை. எல்லோஸ்டோன் மிசௌரியில் கலக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மேலே, 1905-க்கும் 1909-க்கும் இடையில் மரத்தாலும் பாறையாலும் கட்டப்பட்டது. உயரம் நான்கு மீட்டர் கூட இல்லை. ஆனால் 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு வாய்க்கால் நீர் தந்தது அதுதான். சர்க்கரை பீட் பயிரிட்ட குடும்பங்கள் அதை நம்பியே வாழ்ந்தன.

சிறிய அணைதானே, தாண்டிவிடாதா என்று கேட்கிறீர்களா? வேகத்தின் இருமடி = 2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் என்பது உங்களுக்குத் தெரியும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 1 மீட்டர் இறங்கும் நீர் வினாடிக்கு 4.4 மீட்டர் வேகம் பெறுகிறது. நீரின் எதிர்ப்பு விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. சால்மன் மீன் துள்ளிக் குதித்து மீனேணியில் ஏறும். ஸ்டர்ஜியன் துள்ளாது, தரையை ஒட்டியே நீந்தும். பாறைகளிடையே சுழித்துப் பாயும் வெள்ளம் அதற்குச் சுவர்தான்.

மலைப்பாதைத் தத்துவம்

அணையை அகற்றிவிட்டு, பம்புகளால் நீர் இறைக்கலாம் என்றனர் சிலர். பம்புச் செலவை யார் தாங்குவது என்று உழவர்கள் கேட்டனர். வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. இதற்கிடையில் மீன்களே ஒரு வழி காட்டின. 2014-இல், ரேடியோ கருவி பொருத்தப்பட்ட சில ஸ்டர்ஜியன்கள், வெள்ளக் காலத்தில் மட்டும் நீர் ஓடும் இயற்கையான கிளைக் கால்வாய் வழியே அணையைச் சுற்றி மேலே சென்றன.

இறுதியில் செயல்படுத்தப்பட்ட திட்டமும் இதுவே: பழைய அணைக்குப் பதில் ஒரு கான்கிரீட் தடுப்பணை, அதைச் சுற்றி ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய். மலைமேல் செல்லும் சாலை ஏன் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து செல்கிறது? ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான். பாதை நீண்டால் சரிவு குறைகிறது. இங்கும் அப்படியே. சரிவு குறைந்ததால் நீரின் வேகமும் குறைந்தது. மீன் வாயிலைக் கண்டுபிடிக்க வேண்டுமே! அதனால் ஆற்று நீரில் கணிசமான பங்கு இதன் வழியே விடப்படுகிறது. பாசன வாய்க்காலுக்குள் மீன்கள் புகாதபடி சல்லடைத் திரைகளும் முன்பே அமைக்கப்பட்டிருந்தன.

2022 ஏப்ரலில் கால்வாய் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே வெளிர் ஸ்டர்ஜியன்கள் அதன் வழியே மேலே சென்றன. அவற்றுக்கு அடுத்த அணைவரை ஏறத்தாழ 265 கிலோமீட்டர் ஆறு திறந்துவிட்டது.

இனி, முன்னே செய்த கணக்கை மீண்டும் போடுங்கள். இன்டேக்குக்குக் கீழே பொரித்த குஞ்சு மூன்றே நாட்களில் மிசௌரியை அடைந்துவிடும். 265 கிலோமீட்டர் மேலே பொரித்தால் ஏறத்தாழ பதினொரு நாட்கள் கிடைக்கும். குஞ்சின் உயிர் அந்த எட்டு நாட்களில்தான் இருக்கிறது.

மீன் மேலே போனதால் மட்டும் வெற்றி வந்துவிடாது. பெண் ஸ்டர்ஜியன் முதன்முறை முட்டையிடவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கிழட்டு மீன்கள் இறப்பதற்குள், ஆற்றிலேயே பொரித்து ஆற்றிலேயே வளர்ந்த இளம் மீன்கள் வலையில் அகப்பட வேண்டும். அன்றுதான் இந்தக் கால்வாய் தேர்வில் தேறியதாகக் கொள்ள முடியும்.