கார்னிஸ் விற்பனை: சதுர அடிக் கணக்கு வேண்டாம்

சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஒட்டும் பி.ஓ.பி. கார்னிஸ் வாங்க வருபவர், "ரூம் 120 சதுர அடி, எத்தனை பீஸ் வேண்டும்?" என்றே கேட்கிறார். சதுர அடியை வைத்துப் பதில் சொல்லக் கூடாது என்பது நமது கருத்து. 12-க்கு 10 அறையும் 120 சதுர அடிதான், 20-க்கு 6 நடையும் 120 சதுர அடிதான். முதலாவதின் சுற்றளவு 44 அடி. இரண்டாவது 52 அடி. நீள அகலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கதவு, ஜன்னலுக்குக் கழிவு கிடையாது. கார்னிஸ் அவற்றுக்கு மேலே ஓடுவது.

8 அடி பீஸ் 6 போட்டால் 48 அடி, 44 அடிக்குத் தாராளம் என்று தோன்றும். மூலைக்கு மூலை சாய்த்து அறுப்பதில் துண்டு வீணாகும், வண்டியில் முனை உடையும். 10 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 48.4 அடி. ஆக, 7 பீஸ்.

மலிவாகக் காட்ட 6 எழுதி ஆர்டர் பிடிக்கும் கடைகளும் உண்டு. பாதி வேலையில் ஒரு பீஸுக்கு ஆள் ஓடி வரும்போது அந்த டிசைன் இருப்பில் இல்லாவிட்டால், வேலையாள் சும்மா உட்கார்ந்த கூலிக்கும் நம்மிடம்தான் சண்டைக்கு வருவார்கள். 'உடையாத முழு பீஸ் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்' என்று பில்லில் எழுதிவிட்டால், 7 என்று சொல்லத் தயக்கம் வராது.

எஸ்டிமேட்டில் சரக்கைப் பீஸ் கணக்கிலும், ஒட்டுக்கூலியை 44 அடிக்கும் தனித்தனியே போடுங்கள். ஸ்க்ரூ, பட்டி, வண்டி வாடகை, வரி ஆகியவற்றையும் அதிலேயே காட்டிவிடலாம்.