ஏரி சூடாகும்போது மீனுக்கு என்ன நடக்கிறது?

ஊஸ்டரில் வாழும் எமது குடும்பங்கள் கோடை மாலைகளில் கிறைபன்சே ஏரிக்கரையில் காலாற நடப்பது வழக்கம். அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் மீன்களுக்குக் கோடை அவ்வளவு இதமானதல்ல.

மீனுக்கு வியர்க்காது. நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும். வெப்பம் 10 பாகை ஏறினால் அதன் அனுசேபம், அதாவது உணவை எரித்துச் சக்தியாக்கும் வேலை, ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதற்கு ஒட்சிசனும் கூடுதலாக வேண்டும். ஆனால் 10 பாகையில் ஒரு லீட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 25 பாகையில் சுமார் 8 மில்லிகிராம்தான். செலவு கூடுகிற நேரத்திலேயே வரவு குறைகிறது. 2003 ஓகஸ்ட்டில் றைன் ஆறு 25 பாகையைத் தாண்டியபோது, குளிர்நீரை விரும்பும் எஷ மீன்கள் சாவ்ஹவுசன் பகுதியில் பல்லாயிரக்கணக்கில் இறந்தன.

உடலின் அளவும் இதில் முக்கியம். சூரிச்சில் 1893இல் பிறந்த மக்ஸ் கிளைபர் (நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம்!) கலிபோர்னியாவில் ஆய்வு செய்து 1932இல் ஒரு கணக்கை வெளியிட்டார். விலங்கின் எடை 16 மடங்கானால் அதன் சக்தித் தேவை சுமார் 8 மடங்குதான் கூடும். ஒவ்வொரு கிராமுக்கும் பார்த்தால் சிறிய உடலே வேகமாக எரிகிறது. ஆனாலும் பெரிய மீனுக்கு மொத்தத்தில் அதிக உணவும் ஒட்சிசனும் தேவை. வெதுவெதுப்பான நீரில் வளரும் மீன்கள் பெரும்பாலும் சிறிய அளவிலேயே முதிர்ச்சி அடைகின்றன. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட சுவிஸ் 2 பாகைக்கும் மேலாகச் சூடாகிவிட்ட நிலையில், இது ஒரு கோடையோடு முடிகிற விடயமல்ல.

எமது உடலோ 37 பாகையைக் காப்பாற்ற வியர்வையையும் இரத்த ஓட்டத்தையும் நம்பியிருக்கிறது. முதுமையில் இவை இரண்டும் தளர்கின்றன, தாகமும் குறைவாகவே தெரியும். 2003 கோடையில் சுவிஸில் வழக்கத்தைவிடச் சுமார் 975 பேர் அதிகமாக இறந்தனர், பெரும்பாலோர் முதியவர்கள். அம்மம்மா "தாகமில்லை" என்றாலும் மணிக்கொரு தடவை தண்ணீரோ மோரோ கொடுங்கள். இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு நீர் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையின் உடலும் வெளிச்சூட்டை விரைவாக உள்வாங்கும். வெய்யிலுக்கென்று தள்ளுவண்டியைத் துணியால் முழுவதும் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று இன்னும் சூடாகும். நிழலைத் தேடி நிறுத்துங்கள். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூடப் பிள்ளையைத் தனியே விடவேண்டாம்.