பெயர் வந்த நாளும் களம் கண்ட நாளும்

நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைக்கும் கமக்காரர் ஏறக்குறைய ஓராண்டிலே குலையை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். தென்னைக்கு அக்கணக்குச் செல்லாது. பனைக்கோ அறவே செல்லாது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் முன்னோர் சும்மா சொல்லி வைக்கவில்லை. வாழையின் கணக்கைப் பனைக்குப் போட்டவர் ஏமாற்றமடைவார். விளையாட்டுத் துறையிலே நம் பிள்ளைகள் விஷயத்தில் நாம் போடும் கணக்கும் பெரும்பாலும் இத்தகையதே.

மாணவன் ஒருவனுடைய பெயர் தெரிவுப் பட்டியலில் வந்துவிட்டால் வீட்டிலே கொண்டாட்டம், பாடசாலையிலே பாராட்டு, சந்தியிலே பதாகை. மறுவருடமே அவன் நாட்டின் அணியிலே ஆடுவான் என்று சுற்றத்தார் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். பெயர் வந்த நாளுக்கும் உயர்ந்த அரங்கிலே களம் காணும் நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் செல்லும்? அவ்வாண்டுகள் எவ்வாறு கழிகின்றன? இவற்றைக் கேட்போர் சிலரே. அவற்றையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இக்கணக்கை நெடுங்காலமாகப் போட்டுப் பார்த்து வருபவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய தேசிய விளையாட்டாகிய பேஸ்போலிலே, இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கம் 1965ஆம் ஆண்டிலே தொடங்கியது. இன்று முப்பது அணிகள், இருபது சுற்றுகளில், ஆண்டுதோறும் அறுநூறுக்கு மேற்பட்ட இளைஞர்களின் பெயர்களை அழைக்கின்றன. அழைக்கப்பட்டவர் உடனே 'மேஜர் லீக்' எனப்படும் உச்ச அரங்கில் ஏறிவிடுவதில்லை. அதற்குக் கீழே 'மைனர் லீக்' என்னும் ஏணியொன்று உண்டு. தொடக்கநிலை, ஏ, உயர் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று அதற்குப் படிகள் பல. சிற்றூர் மைதானங்களிலே ஆடி, நெடுந்தூரம் பேருந்திலே பயணஞ்செய்து, ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். பல்கலைக்கழகத்திலே ஆடிவிட்டு இருபத்தொரு வயதில் வருபவர் சற்று விரைவாக ஏறுவார். பாடசாலையை விட்டு நேரே வருபவருக்கு நான்கைந்து ஆண்டுகள் செல்வது வழமை. அழைக்கப்பட்டோருள் பெரும்பாலோர் உச்சியை ஒருநாளும் காண்பதில்லை என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும்.

முதலிலே அழைக்கப்படுவதும் இறுதியிலே அழைக்கப்படுவதும் முடிவைத் தீர்மானித்துவிடுவதில்லை. டேவ் வின்ஃபீல்ட் என்பவர் 1973ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தெரிவாகி, ஏணியிலே காலே வையாமல், அதே மாதத்தில் உச்ச அரங்கில் ஆடினார். இஃது அபூர்வம். பிரையன் டெயிலர் 1991ஆம் ஆண்டின் முதற்பெயர். 1993இல் தோளிலே காயமடைந்தபின் அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை. மைக் பியாசாவோ 1988இல் அறுபத்திரண்டாம் சுற்றிலே, ஆயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அழைக்கப்பட்டபின் அழைக்கப்பட்டவர். நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1992இல், உச்ச அரங்கில் ஏறிய அவர், 2016இல் அவ்விளையாட்டின் புகழ்மண்டபத்திலே இடம்பெற்றார்.

கடல் கடந்த கதை போதும். நம் முற்றத்துக்கு வருவோம். நம் நாட்டிலும் அணிகள் முறைவைத்து வீரர்களைத் தெரிவுசெய்யும் முறை, 2020ஆம் ஆண்டு லங்கா பிரிமியர் லீக் என்னும் கிரிக்கெட் தொடரிலே கைக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாண அணியாகிய ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் தெரிவுசெய்தவர்களில் ஒருவர், யாழ். மத்திய கல்லூரியிலே பயின்ற சுழற்பந்துவீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த். டிசெம்பர் 4ஆம் திகதி, தமது பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் களமிறங்கினார். அவருக்குக் கிடைத்த முதல் விக்கெட், இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மெத்தியூஸினுடையது.

அன்று யாழ்ப்பாணம் மகிழ்ந்தது. ஆயினும் இலங்கையின் பெயரால் அவர் ஆடுவதற்கு மேலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்றன. 2023 ஒக்டோபரில், சீனாவின் ஹங்சோ நகரிலே நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், ஆப்கானிஸ்தானுக்கு எதிராக அவர் ஆடினார். 2024 மே மாதத்தில் ஐ.பி.எல். தொடரிலே சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகக் களமிறங்கினார். அவ்வாய்ப்பும், வனிந்து ஹசரங்க காயத்தினால் விலகியமையால் ஏற்பட்ட வெற்றிடத்திலே கிடைத்தது.

தமிழகத்தை நோக்கின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலே எளிய குடும்பத்திற் பிறந்த தங்கராசு நடராஜன், இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலே ஆடியவர். 2015இல் தமிழக அணியிலே சேர்ந்ததும் அவருடைய பந்துவீச்சு முறைமீது ஐயம் எழுப்பப்பட்டது. அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2017 பெப்ரவரியில் நடந்த ஏலத்திலே பத்து இலட்சம் ரூபா அடிப்படை விலையிலிருந்து மூன்று கோடிக்கு உயர்ந்தார். செய்தித்தாள்கள் எல்லாம் எழுதின. அதன்பின் 2018, 2019 ஆகிய இரண்டு ஐ.பி.எல். தொடர்களிலும் ஓர் ஆட்டந்தானும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி கன்பராவிலே இந்தியாவுக்காக ஆடினார். ஏலத்திலிருந்து மூன்று ஆண்டும் ஒன்பது மாதமும் ஆகிவிட்டன. அதே சுற்றுப்பயணத்திலே, 2021 ஜனவரியில், பிரிஸ்பேன் டெஸ்டிலும் ஆடினார்.

அச்சுற்றுப்பயணத்தின் இருபதுக்கு இருபது அணியிலே அவர் சேர்ந்தது யாருடைய இடத்தில் என்பதையும் வாசகர்கள் அறிதல் நன்று. காயமடைந்த வருண் சக்கரவர்த்தியின் இடத்திலேயே அவர் சேர்ந்தார். இருவரும் தமிழ்நாட்டினர். ஒருவருக்குத் திறந்த கதவு மற்றவருக்கு மூடிய கதவாயிற்று. கட்டடக்கலை பயின்ற வருண் 2018 டிசெம்பரிலே எட்டுக் கோடியே நாற்பது இலட்சம் ரூபாவுக்கு ஏலம் போனவர். காயங்களைக் கடந்து 2021 ஜூலையிலே கொழும்பில் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடினார். அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தோடு இடத்தை இழந்து, மூன்று ஆண்டுகள் வெளியே நின்று, 2024 ஒக்டோபரிலே மீண்டார். 2025இல் சம்பியன்ஸ் கிண்ணத்தை வென்ற அணியிலும் இருந்தார். எட்டுவது ஒன்று, நிலைப்பது வேறொன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

இத்தனை ஆண்டுகள் செல்வது ஏன்? காரணங்கள் மூன்று எனலாம். ஒன்று, உடல். பந்து வீசும் கை முதிர்ச்சியடைய வருடங்கள் வேண்டும். அவசரப்படுத்தினால் காயமே மிஞ்சும். இரண்டு, எதிராளி. படிக்குப் படி எதிரே நிற்பவர் வலிமை கூடுகின்றது. நேற்று விக்கெட் எடுத்த பந்து இன்று எல்லைக்கோட்டைத் தாண்டும். மூன்று, வெற்றிடம். மேலே ஓர் இடம் காலியாகவேண்டும். அது திறமையாளனுடைய கையில் இல்லை.

நமக்கு நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அது ஏணியிலே இல்லாத படிகள். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் 1904ஆம் ஆண்டிலே தொடங்கியது. பாடசாலைக் கிரிக்கெட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. பாடசாலையை விட்டபின் ஆடவேண்டிய பெருங்கழகங்களோ, பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ளன. நானூறு கிலோமீற்றர் தூரம். 1990இல் நின்றுபோன ரயில் யாழ்ப்பாண நகரை மீண்டும் வந்தடைந்தது 2014இலே தான். இடைப்பட்ட காலத்திலே எத்தனை நல்ல கைகள் பெருஞ்சமரோடு ஓய்ந்துபோயின என்பதை எண்ணினால் மனம் கனக்கின்றது. 2025 செப்டெம்பரிலே மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் மைதானம் ஏணியின் உச்சி. பயிற்சியாளர், கழகம், வாராந்த ஆட்டம் ஆகிய நடுப்படிகளையும் நாமே அமைத்தல் வேண்டும். சின்னப்பம்பட்டியிலே நடராஜன் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக மைதானம் அமைத்து 2023இல் திறந்தமை இதற்கு ஒரு முன்மாதிரி.

பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளையின் பெயர் வந்தால் மகிழுங்கள். அதனை அறுவடை என்று எண்ணாமல், நாற்று நட்ட நாள் என்று கொள்ளுங்கள். அடுத்த படி எது, அங்கே யாருடன் ஆடுவான், ஐந்தாண்டு சென்றும் வாய்ப்பு வாராவிடின் கையிலே என்ன கல்வி இருக்கும் என்ற கேள்விகளை அன்றைக்கே கேளுங்கள். அமெரிக்காவிலும் பதினெட்டு வயதிலே அழைக்கப்பட்ட மாணவன் ஒப்பந்தத்தை மறுத்துப் பல்கலைக்கழகம் செல்லலாம்; சில ஆண்டுகளில் அவனை மீண்டும் அழைப்பார்கள். படிப்பு ஆட்டத்துக்குப் பகையன்று.

சுற்றத்தாருக்கும் ஒரு சொல். ஆட்டம் கிடையாமல் வீட்டுக்கு வந்திருக்கும் இளைஞனிடம் இன்னும் எடுபடவில்லையோ என்று கேளாதிருப்பதே அவனுக்கு நாம் செய்யும் பேருதவி. நடராஜனுக்கும் இரண்டு வெறும் வருடங்கள் இருந்தன. அவ்வருடங்களிலே அவர் பந்து வீசுவதை நிறுத்தவில்லை.

மாணவ மணிகளே, பட்டியலிலே பெயர் வருவது பிறர் உங்களுக்கு அளிப்பது. அதன்பின் வரும் ஆண்டுகளை நிரப்புவது உங்கள் கையில் உள்ளது. காலையிலே பயிற்சி, பகலிலே பாடம், மாலையிலே மீண்டும் மைதானம் என்று அவற்றை நிரப்புங்கள். வெற்றிடம் ஏற்படும் நாளை எவரும் அறியார். அந்நாளிலே ஆயத்தமாக இருப்பவனே களம் காண்பான்.