படம் கீறினால் சோறு கிடைக்குமோ?

"பிள்ளை என்ன படிக்கப் போறாள்?" ஹோர்சன்ஸில் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். டொக்டர், இஞ்சினியர் என்றால் பதில் சத்தமாக வரும். ஓவியம் என்றால் குரல் இறங்கிவிடும். "படம் கீறத்தான் விருப்பமாம், சொல்லிப் பாக்கிறம்..." என்று இழுப்பார்கள்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல ஏலாது. எண்பதுகளில் அகதியாக வந்து, தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்தவர்கள், பிள்ளையும் அப்படிக் கஷ்டப்படக் கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் விவரம் தெரியாமல் "வேண்டாம்" என்று சொல்வது நியாயமில்லை.

ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வியா கல்லூரி இருக்கிறது. பொறியியலோ வணிகமோ படிக்கப் பிள்ளையை அங்கே அனுப்ப யாரும் தயங்குவதில்லை. அதே வியாவின் ஒரு பிரிவுதான் விபோர்க் நகரிலுள்ள அனிமேஷன் பள்ளி. காரில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்கே படித்து வெளியேறிய இளைஞர்கள் தொடங்கிய சன் கிரியேச்சர் நிறுவனம்தான் 'ஃப்ளீ' படத்துக்கு அனிமேஷன் செய்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி டென்மார்க் வந்த ஒரு பையனின் கதை அது. 2022இல் ஆவணப்படம், அனிமேஷன், வெளிநாட்டுப் படம் என ஒரே நேரத்தில் மூன்று ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. அகதியின் கதை நமக்குப் புதிதா என்ன? அதைக் கீறிக் காட்டத் தெரிந்த பிள்ளைகள்தான் நம்மிடம் குறைவு.

செலவைப் பற்றியும் பேசுவோம். டேனிஷ் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு அரச கல்லூரிகளில் கட்டணம் இல்லை. 18 வயதுக்குப் பிறகு எஸ்யூ உதவித்தொகையும் உண்டு. கடன்பட்டு ஓவியம் படிக்க வேண்டிய நாடு இதுவல்ல. உண்மையான சிக்கல் இடம் கிடைப்பதுதான். மதிப்பெண் மட்டும் போதாது. சொந்த வேலைகளின் தொகுப்பைக் காட்ட வேண்டும்.

அதற்குத் தயாராக ஒரு வழி, கலை சொல்லித்தரும் ஹோய்ஸ்கோல. 1844இல் ரோடிங்கில் தொடங்கிய மரபு அது. பரீட்சையும் இல்லை, புள்ளிகளும் இல்லை. சில மாதம் அங்கேயே தங்கிக் கீறலாம், செதுக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: அதற்கு வாரக் கட்டணம் உண்டு, எஸ்யூ கிடையாது, முடிவில் பட்டமும் கிடையாது. பிள்ளைக்கு இது பொழுதுபோக்கா, தொழிலா என்று அந்த மாதங்களில் தெரிந்துவிடும். அதுவே பெரிய லாபம்.

பிறகு என்ன வேலை? அனிமேஷன், விளையாட்டு மென்பொருள், கிராபிக் வடிவமைப்பு, பாடசாலையில் சித்திர ஆசிரியர், அருங்காட்சியகம், மேடை அமைப்பு. 2006இல் மூடப்பட்ட நம்மூர்ப் பழைய சிறைச்சாலையே இன்று அருங்காட்சியகமும் இசை நிகழ்ச்சிகளுமாக இருக்கிறது. அங்கேயும் வடிவமைப்பாளர்களுக்கு வேலை உண்டு.

ஓவியம் மட்டுமே விற்று வாழ்பவர்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை. 1955இல் ஹோர்சன்ஸில் பிறந்த மிக்கேல் க்வியும் போல எல்லோரும் வர முடியாது. சென்னைக்கு அருகே 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பற்றிக் போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றினார்கள். கலையோடு கைத்தொழில் ஒன்றும் வேண்டும் என்ற பாடம் நமக்கு அங்கேயே இருக்கிறது.

ஆகவே பெற்றோரே, "சோறு கிடைக்குமோ?" என்று கேளுங்கள், தப்பில்லை. கேட்டுவிட்டுப் பதிலைத் தேடப் பிள்ளையோடு நீங்களும் போங்கள். கல்லூரிகள் திறந்த நாள் வைக்கும்போது ஒருமுறை விபோர்க் போய்ப் பாருங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.